அடகு வைக்க முடியாத ஏழு ஸ்வரங்கள்

1

எங்கள் கிளையில் காசாளராக இருக்கும் நண்பர், சென்ற மாதம் ஒரு மாலை, கணக்கு நேராகிப் பெட்டகம் பூட்டப்பட்ட பிறகு, தான் செய்த இசைத்துண்டு ஒன்றைக் கேட்கும்படி என் காதில் மாட்டிவிட்டார். மூன்று நிமிஷம். பியானோ போன்ற ஓர் ஒலி, அடியில் தாளம், மேலே வயலின் கூட்டம் போல ஏதோ ஒன்று. எல்லாம் கம்ப்யூட்டரில், இரவு பத்து மணிக்கு மேல், ஒற்றை ஆளாக உட்கார்ந்து செய்தது. கேட்டு முடித்ததும், ‘எங்கயாவது தப்பு இருக்கா சார்?’ என்றார். ‘இல்லை’ என்றேன். அவர் முகம் மலர்ந்தது. வீடு திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது: தப்பு எங்குமே இல்லை என்பதுதான் அந்தத் துண்டின் குறை. அதை அவரிடம் சொல்லாமல் வந்தது என் குறை.

சிறுபத்திரிகை நடத்துகிறவர்களுக்கும் அதில் எழுதுகிறவர்களுக்கும் இது பழகிய சங்கடம். தளை தட்டாத வெண்பா ஒன்றை ஒருவர் கொண்டுவந்து நீட்டுகிறார். காய் முன் நேரும் விளம் முன் நேரும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. ஈற்றடி முச்சீராய் முடிகிறது. கவிதை மட்டும் இல்லை. இப்போது தளை பார்த்துச் சொல்ல மென்பொருளே வந்துவிட்டது. சொல்லவேண்டியதைத்தான் இன்னும் நாம் சொல்லவேண்டியிருக்கிறது.

நண்பர் இசையை யாரிடமும் முறையாகப் பயின்றவர் அல்லர். கம்ப்யூட்டரில் இசை செய்யக் கற்றுத்தரும் பாடங்களிலிருந்து அவர் பெற்றது மூன்று வாக்கியங்கள். ஒன்று: மேஜர் ஸ்கேல் என்றால் 2-2-1-2-2-2-1. இரண்டு: சந்தோஷத்துக்கு மேஜர், துக்கத்துக்கு மைனர். மூன்று: ஸ்கேலைத் தேர்ந்தெடுத்துப் பூட்டிவிட்டால், பிறகு எதைத் தொட்டாலும் சரியாகவே வரும். இந்த மூன்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். முதல் வாக்கியம் உண்மை, ஆனால் பாதி. இரண்டாவது பொய். மூன்றாவது முழு உண்மை. ஆபத்து அதில்தான் இருக்கிறது.

2

முதல் வாக்கியம். ஒரு ஸ்தாயியில் 12 அரை ஸ்வரங்கள். ஆதாரத்திலிருந்து கிளம்பி இரண்டு, இரண்டு, ஒன்று என்று தாண்டினால் மத்தியமம். மேலும் இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று என்று தாண்டினால் மேல் ஷட்ஜம். நம் பெயர்களில் சொன்னால் சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்தியமம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம், காகலி நிஷாதம். 29வது மேளம், தீரசங்கராபரணம். பியானோவில் சி என்ற கட்டையிலிருந்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்தினால் இது வந்துவிடும். 1983இல் வந்த மிடி என்ற ஏற்பாட்டில் ஸ்வரங்களுக்குப் பெயரும் கிடையாது, எண்தான்: 60, 62, 64, 65, 67, 69, 71, 72. நண்பரின் கம்ப்யூட்டர் உள்ளே இந்த எண்களைத்தான் எழுதிவைத்துக்கொள்கிறது.

பகல் முழுதும் எண்களோடு இருக்கிறவன் நான். எண் பற்றுப் பக்கத்தில் நிற்கிறதா வரவுப் பக்கத்தில் நிற்கிறதா என்று தெரியாதவரை அதற்கு அர்த்தம் ஏதும் இல்லை. 64 என்ற எண்ணும் அப்படித்தான். சி ஆதாரமானால் அது அந்தர காந்தாரம். ஏ ஆதாரமானால் அதே 64 பஞ்சமம். ஈ ஆதாரமானால் அதுவே ஷட்ஜம். ஒலியில் ஒரு மயிரிழை மாற்றமில்லை, ஆள் மாறிவிட்டான்.

அதே ஏழு வெள்ளைக் கட்டைகளை டி-யிலிருந்து தொடங்கினால் கரகரப்பிரியா. ஈ-யிலிருந்து தோடி, எஃப்-பிலிருந்து கல்யாணி, ஜி-யிலிருந்து அரிகாம்போதி. ஏ-யிலிருந்து நடபைரவி, அதாவது மேற்கத்தியார் இயல்பான மைனர் என்று சொல்வது. பி-யிலிருந்து தொடங்கினால் பஞ்சமமே கிடைக்காது. ஆக, ‘இந்த ஏழு’ என்று பட்டியல் கொடுத்துவிட்டால் மேஜர் ஸ்கேலைக் கொடுத்ததாகாது. சி மேஜரும் ஏ மைனரும் பட்டியலில் ஒன்றுதான். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்கள் ஏழு ஸ்வரங்களாக வட்டமிட்டு நிற்கிறார்கள். வட்டத்துக்கு முதல் இடம் கிடையாது. இவள் குரல், இவள் துத்தம் என்று பெயர் வைத்த பிறகுதான் வட்டம் பாலையாகிறது. அரும்பாலையே இன்றைய சங்கராபரணம் என்பது இசை ஆய்வாளர் பலருடைய முடிவு. முடிவு எதுவானாலும், குரலை நிறுத்தாமல் பாலை இல்லை என்பது இளங்கோவுக்குத் தெரிந்திருந்தது. நம் பாடங்களுக்குத் தெரியவில்லை.

நிறுத்திய பிறகு என்ன நடக்கிறது? ஏழு தாவல்களில் இரண்டு மட்டும் குறுகலானவை: காந்தாரத்திலிருந்து மத்தியமம், நிஷாதத்திலிருந்து மேல் ஷட்ஜம். அந்தக் குறுகல்தான் விஷயம். நிஷாதம் ஷட்ஜத்தை இவ்வளவு நெருக்கமாக உரசிக்கொண்டு நிற்பதால் அங்கே தங்க முடிவதில்லை, ஏறிவிடத் துடிக்கிறது. மத்தியமம் அதே போலக் காந்தாரத்தின்மேல் சரிகிறது. மத்தியமத்துக்கும் நிஷாதத்துக்கும் நடுவே ஆறு அரை ஸ்வரம், ஸ்தாயியில் சரிபாதி. இரண்டையும் சேர்த்து ஒலித்தால் காது அமைதியிழக்கிறது. ப, நி, ரி, ம என்ற நான்கையும் ஒரே சமயத்தில் ஒலிக்கச் செய்து, அடுத்த கணம் நி-யை ச-வுக்கும் ம-வைக் க-வுக்கும் நகர்த்தினால், ஒரு வாக்கியம் முடிந்த நிம்மதி. ஐரோப்பிய இசை இருநூறு வருஷங்களுக்கு மேல் பெரிய பெரிய மாளிகைகளைக் கட்டியது இந்த ஒரு சாய்வின்மேல்தான்.

நம் இலக்கணத்தில் இதற்கு ஈடு உண்டு. ‘வந்து’ என்று சொல்லி நிறுத்தினால் கேட்கிறவன் காத்திருக்கிறான். ‘வந்து’ வினையெச்சம், ‘போனான்’ என்று ஒரு முற்று வந்தால்தான் அவன் மூச்சு விடுவான். நிஷாதம் எச்சம், ஷட்ஜம் முற்று. எச்சத்தை எவ்வளவு நேரம் தொங்கவிடுவது, எந்த முற்றைக் கொண்டு முடிப்பது, முடிக்காமலே விட்டுவிடுவதா என்பவை எழுதுகிறவனின் காரியம். நண்பரின் துண்டில் நிஷாதம் 11 முறை வந்தது. அடுத்த தடவை கேட்டபோது எண்ணினேன். 11 முறையும் ரிஷபத்தைப் போல, தைவதத்தைப் போல, வரிசையில் நிற்கும் இன்னொரு ஆளாக வந்து போயிற்று. ஏழு ஸ்வரங்களும் சமம் என்று நினைத்துக்கொண்டு செய்த இசை அது. மேஜர் ஸ்கேலில் எந்த இரண்டு ஸ்வரங்களும் சமம் அல்ல. பட்டியல் இதைச் சொல்லாது.

3

இரண்டாவது வாக்கியம், மேஜர் சந்தோஷம். இதை எந்த விஞ்ஞான அடக்கமும் இல்லாமல் பாடங்கள் சொல்லிவிடுகின்றன. பொய் என்று காட்ட ஓர் உதாரணம் போதும்.

1762இல் வியன்னாவில் குளுக்கின் ‘ஆர்ஃபியோ’ என்ற இசைநாடகம் அரங்கேறியது. இறந்த மனைவியை மீட்கப் பாதாளம் போன ஆர்ஃபியஸ், திரும்பும் வழியில் அவளை மறுபடி இழக்கிறான். இனி அவள் கிடைக்கமாட்டாள். அப்போது அவன் பாடும் புலம்பல் சி மேஜரில் அமைந்திருக்கிறது. கறுப்புக் கட்டைகளின் துயரம் ஏதுமில்லை; வெளிச்சமான, நிதானமான மெட்டு. ஹான்ஸ்லிக் என்ற வியன்னா விமர்சகர் 1854இல் இசையழகு பற்றி எழுதிய சிறிய புத்தகத்தில் இந்தப் பாட்டை எடுத்துக்கொண்டார். ‘இழந்தேன்’ என்பதற்குப் பதில் ‘அடைந்தேன்’ என்று வார்த்தையை மாற்றிவிட்டாலும் இந்த மெட்டு அதே அளவு பொருந்தும் என்பது அவர் காட்டியது. இசை உணர்ச்சிகளின் படம் அல்ல என்று வாதிக்க அவருக்கு இது பயன்பட்டது.

ஹான்ஸ்லிக் சொன்னதில் முழுதும் எனக்கு உடன்பாடு இல்லை. வார்த்தை மாறினாலும் மெட்டு பொருந்தும் என்பது சரி. ஆனால் அந்த மேடையில், அந்தக் கணத்தில், அந்தப் பிரகாசமே தாங்கமுடியாததாகிவிடுகிறது. சாவு வீட்டில் குழந்தை சிரிப்பது போல. மேஜர் ஸ்கேல் அங்கே சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. அது நிற்கும் இடத்தால் துக்கமாகிறது. ஹெய்டனின் ‘சிருஷ்டி’யில் (1798) எதிர்ப்பக்கம் நடக்கிறது. உலகம் உருவாவதற்கு முந்திய குழப்பத்தை அவர் சி மைனரில் நீளமாக, வழி தெரியாத இருட்டில் தடவுவது போல நடத்திக்கொண்டு போகிறார். வெளிச்சம் என்ற வார்த்தை வரும்போது வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து சி மேஜரில் வெடிக்கின்றன. அந்த ஒலிக்கூட்டைத் தனியாக வெட்டி எடுத்துக் கேட்டால் எந்தக் கத்துக்குட்டியும் பியானோவில் முதல் நாள் அழுத்துகிற அதே ச-க-ப. இருட்டு அதற்கு முன்னால் இருந்ததுதான் ஹெய்டனின் சாமர்த்தியம்.

அமைப்பிலேயேகூட இந்தப் பொய் நிற்பதில்லை. மேஜர் ஸ்கேலின் ஒவ்வொரு ஸ்வரத்தின்மேலும் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று ஸ்வரங்களை அடுக்கினால் ஏழு கார்டுகள் கிடைக்கின்றன. ச, ம, ப இவற்றின்மேல் எழுவன மேஜர். ரி, க, த இவற்றின்மேல் எழுவன மைனர். நி-யின்மேல் எழுவது இரண்டிலும் சேராத குறுகிய ஒன்று. மேஜர் வீட்டுக்குள்ளேயே மைனர் மூன்று பேர் குடியிருக்கிறார்கள். உலகத்துப் பாட்டுக்களில் பாதி ஓடுவதுபோல் தோன்றும் ச, ப, த, ம என்ற நாலு கார்டு வட்டத்தில் மூன்றாவது மைனர். அந்த வட்டத்தில் காதலும் ஓடுகிறது, பிரிவும் ஓடுகிறது, பற்பசை விளம்பரமும் ஓடுகிறது.

நாமும் யோக்கியர்கள் அல்லர். இந்த ராகத்துக்கு இந்த ரஸம் என்று பட்டியல் போட்டு, முகாரி என்றதும் மூக்கைச் சிந்தத் தயாராகும் பழக்கம் நம்முடையது. படிமம் என்றால் ஆழம், எதுகை என்றால் பழமை என்று கவிதையிலும் இதே பட்டியல்தான் நடக்கிறது. கேட்பதற்குப் பதிலாக வைத்துக்கொண்ட வசதி இது.

4

மூன்றாவது வாக்கியத்துக்கு வருகிறேன். பியானோ ரோல் என்ற கட்டம் போட்ட திரை. தானே வாசிக்கும் பழைய பியானோக்களில் ஓட்டை போட்ட காகிதச் சுருள் ஒன்று சுற்றுமே, அதிலிருந்து வந்த பெயர். அதில் சி மேஜர் என்று தேர்ந்தெடுத்துப் பூட்டிவிட்டால் மற்ற ஐந்து ஸ்வரங்கள் மறைந்துவிடுகின்றன, அல்லது அவற்றைத் தொட்டாலும் பக்கத்து ஸ்வரம்தான் ஒலிக்கிறது. தப்பு செய்ய வழியில்லை.

இந்தப் பூட்டை இளக்காரம் செய்வது சுலபம். அதற்கு முன் ஒன்று சொல்லவேண்டும். நண்பர் பிறந்த ஊரில் பாட்டு வாத்தியார் ஒருவர் இருந்தார். மாலையில் அந்த வீட்டிலிருந்து சரளி வரிசை கேட்கும். நண்பர் சிறு பையனாகத் தெருவில் நின்று கேட்டிருக்கிறார். உள்ளே போகலாம் என்று அவருக்குத் தோன்றியதில்லை. தோன்றாதபடி அந்தத் தெரு அமைந்திருந்தது. முப்பது வருஷம் கழித்து ஒரு யந்திரம் அவரிடம் நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் ஏழு ஸ்வரங்களை எடுத்துக் கையில் கொடுத்தது. ஸம்பிரதாயத்தின் பெயரால் இந்த யந்திரத்தைத் திட்டுகிறவர்கள் முதலில் அந்தத் தெருவுக்குப் பதில் சொல்லட்டும். பூட்டு அவருக்குக் கதவைத் திறந்தது. என் கவலை, அவர் உள்ளே போன பிறகு அதே பூட்டு உள்பக்கம் விழுந்துவிட்டது என்பது.

எப்படி என்று காட்ட பாக்கின் முதல் பிரெலூடை எடுத்துக்கொள்கிறேன். 1722இல் அவர் தொகுத்த, 24 மேஜர் மைனர் ஸ்வரநிலைகளுக்கும் ஒவ்வொரு பிரெலூடும் ஃபியூகும் கொண்ட புத்தகத்தின் முதல் பக்கம், சி மேஜர். மெட்டு என்று தனியே எதுவும் கிடையாது. 35 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கார்டு, எட்டு எட்டு ஸ்வரங்களாகக் கலைந்து இரண்டு முறை. பியானோ படிக்கும் குழந்தைகள் வாசிப்பது. மேஜர் ஸ்கேலின் உருவகம் என்றே இதைச் சொல்வார்கள்.

ஆறாவது கட்டத்தில் பிரதி மத்தியமம் வருகிறது. சி மேஜரில் இல்லாத ஸ்வரம். அதைப் பிடித்துக்கொண்டு பாக் 11வது கட்டத்தில் பஞ்சமத்தையே தற்காலிக வீடாக்கிக்கொள்கிறார். அடுத்த கட்டத்தில் சுத்த ரிஷபமும் கைசிகி நிஷாதமும் சேர்ந்து வருகின்றன. 14இல் சுத்த தைவதம். 19இல் வீட்டுக்குத் திரும்பிவிட்டது போல இருக்கிறது. உடனே 20இல் ஷட்ஜத்தின் மேலேயே கைசிகி நிஷாதத்தை வைத்து, இது வீடு இல்லை, மத்தியமத்துக்குப் போகும் வழி என்கிறார். 22இல் சாதாரண காந்தாரம். கணக்குப் பார்த்தால், உள்ளே இருக்கும் ஏழும் வெளியே தள்ளப்பட்ட ஐந்தும், ஆக 12 ஸ்வரங்களும் வந்தாகிவிட்டன. 24வது கட்டத்திலிருந்து கீழே பஞ்சமம் எட்டுக் கட்டம் அசையாமல் நிற்கிறது. மேலே என்னென்னவோ உருண்டுகொண்டிருக்கிறது. அப்புறம் ஷட்ஜம். அதுவும் நேராக அல்ல. வந்து இறங்கும் 32வது கட்டத்தில்கூட கைசிகி நிஷாதம் ஒரு முறை காலை இடறிவிட்டுத்தான் விடுகிறது. கடைசிக் கட்டத்தில் ச-க-ப. முதல் கட்டத்தில் இருந்த அதே ச-க-ப தான். முதலில் அது வெறும் தகவல். இப்போது அது அனுபவம்.

நண்பரின் பூட்டு பாக்கை ஆறாவது கட்டத்தில் நிறுத்தியிருக்கும். பிரதி மத்தியமத்தைச் சுத்த மத்தியமமாகவோ பஞ்சமமாகவோ திருத்தியிருக்கும். பாக்குக்கும் எங்கும் தப்பு வந்திருக்காது. வெளியே போகாதவனுக்கு வீடு ஒரு சுவர். திரும்பி வருகிறவனுக்குத்தான் அது வீடு. மேஜர் ஸ்கேலைப் புரிந்துகொள்வது என்றால் அதில் இல்லாத ஐந்து ஸ்வரங்கள் அதை என்ன செய்கின்றன என்று தெரிந்துகொள்வதும்தான்.

இதைக் கேட்டதும், அப்படியானால் ஸ்கேலே எதற்கு என்று கிளம்ப நம்மில் ஆட்கள் உண்டு. யாப்பைத் தூக்கி எறிந்த நாளிலிருந்து அந்தக் குரல் நமக்குப் பழக்கம். யாப்பை அறிந்து விட்டவன் ஒரு பக்கம், அறியாமலே விட்டவன் ஒரு பக்கம். அச்சில் இருவர் வரிகளும் ஒரே மாதிரி மடங்கியிருந்தாலும் படிக்கும்போது தெரிந்துவிடுகிறது. இசையில் ஷோன்பர்க்கின் தலைமுறை ஆதாரத்தையே கைவிட்டது. அவர்களுக்கு எதை விடுகிறோம் என்று தெரிந்திருந்தது. அப்புறம் 1964இல் டெரி ரைலி என்ற அமெரிக்கர் ‘இன் சி’ என்ற தலைப்பில் 53 சிறு ஸ்வரத்தொடர்களை எழுதி, எத்தனை பேர் வேண்டுமானாலும், ஒவ்வொருவரும் எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பி வாசித்துக்கொண்டு நகரலாம் என்று விட்டார். தலைப்பு சி. உள்ளே பிரதி மத்தியமமும் உண்டு, கைசிகி நிஷாதமும் உண்டு. அவரும் பூட்டவில்லை.

5

இவ்வளவும் கார்டுகளை வைத்துப் பேசியது. நம் சங்கராபரணத்துக்குக் கார்டு கிடையாது. அதே ஏழு ஸ்வரங்கள். ஆனால் மத்தியமத்தை அசைக்காமல் நேராக நிறுத்திப் பாடினால் பழகிய காதுக்கு அது சங்கராபரணமாகப் படாது, இங்கிலீஷ் நோட்டாகப் படும். இதை முதலில் கூர்மையாகக் கவனித்தவர்களில் முத்துஸ்வாமி தீக்ஷிதர் ஒருவர் என்று நினைக்கிறேன். சென்னையை அடுத்த மணலியில் தங்கியிருந்த காலத்தில் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுக்களுக்குச் சம்ஸ்கிருத சாகித்யம் எழுதினார். ஏறக்குறைய 40 நோட்டுஸ்வரங்கள். பிரிட்டிஷ் ராஜ கீதத்தின் மெட்டுக்கூட அதில் ஒன்று. அவற்றில் அவர் கமகத்தைத் திணிக்கவில்லை. அவரே சங்கராபரணத்தில் கிருதி செய்யும்போது நோட்டுஸ்வரத்தின் நேர்கோட்டை உள்ளே விடவுமில்லை. ஒரே பட்டியல், இரண்டு இசை. இரண்டும் வேறு என்று தெரிந்ததால்தான் அவரால் இரண்டையும் செய்ய முடிந்தது.

ஸ்வரத்தின் இடத்திலும் ஒரு சின்ன வித்தியாசம் இருக்கிறது. கட்டைகளில் ஸ்தாயி 12 சம பாகம். ஒவ்வொன்றும் முந்தியதைப் போல் ஏறத்தாழ 1.0595 மடங்கு. எந்தக் கட்டையையும் ஆதாரமாக்க முடிவதற்கு இந்தச் சமாதானம் விலை. தம்புராவில் யாரும் காந்தாரத்தை மீட்டுவதில்லை. இருந்தும் ஷட்ஜத்துக்குள்ளிருந்து ஒரு காந்தாரம் தானாகக் கேட்கிறது. 5க்கு 4 என்ற விகிதத்தில் நிற்பது. கட்டையிலுள்ள காந்தாரம் அதைவிட அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு உயரம். 1940இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை விலக்கியதன் பின்னால் இந்த மாதிரி வாதங்களும் இருந்தன. பின்னாளில் அந்தத் தடை தளர்ந்தது. யந்திரத்தைக் குற்றம் சொல்ல நான் இதை எடுக்கவில்லை. மிடியில் ஸ்வரத்தை வளைக்க 16,384 படிகள் வைத்திருக்கிறார்கள். வளைக்கலாம் என்று நினைக்கச் சொல்லித்தராதது பாடம்.

நகைக்கடன் பிரிவில் மூன்று வருஷம் இருந்தவன் என்பதால் ஒரு கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உ.வே. சாமிநாதையர் எழுதிவைத்திருப்பது. தஞ்சாவூர் சரபோஜி காலத்து வித்வான் நரசையர். சங்கராபரணம் பாடுவதில் பெற்ற பெயரால் சங்கராபரணம் நரசையர் என்றே அழைக்கப்பட்டவர். பணமுடை. கபிஸ்தலத்து ராமபத்திர மூப்பனாரிடம் கடன் கேட்கிறார். ஈடு என்ன என்ற கேள்வி. ஆபரணம் ஒன்று இருக்கிறது, சங்கராபரணம் என்று சொல்லி, ராகத்தையே அடகு வைத்துப் பத்திரம் எழுதிக்கொடுக்கிறார். கடன் தீரும்வரை எங்கும் அதைப் பாடுவதில்லை என்று. பிறகு கும்பகோணத்தில் ஒரு பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணத்தில் சங்கராபரணம் பாடச் சொல்லும்போது, முடியாது, அடகில் இருக்கிறது என்கிறார். கல்யாண வீட்டார் பணம் அனுப்பி ராகத்தை மீட்கிறார்கள்.

இதை வேடிக்கையாகவே சொல்லி வந்திருக்கிறோம். எனக்கு இது விமர்சனக் கோட்பாடாகத் தெரிகிறது. மேஜர் ஸ்கேலை எந்த வங்கியும் ஈடாக ஏற்காது. அது ஊர்ப் பொது. கிணற்றுத் தண்ணீரைப் போல, அகர வரிசையைப் போல. எவனும் அதற்கு உரிமை கோர முடியாது. நரசையர் வைத்தது ஏழு ஸ்வரங்களை அல்ல. அவற்றைக் கையாண்டு கையாண்டு தன்னுடையதாக்கிக்கொண்டிருந்த ஒன்றை. அவர் பாடாமல் இருந்தால் ஊரில் ஒரு குறை தெரிந்தது. மூப்பனார் எடை போட்டது அந்தக் குறையை. நம்மில் ஒருவர் எழுதாமல் இருந்தால் எந்தக் குறையும் தெரியாது என்றால், நம்மிடம் இருப்பதும் பொதுச் சொத்துதான். அச்சான என் கவிதைகள் பதினாலையும் எடுத்து வைத்துக்கொண்டு நான் இதை யோசித்துப் பார்த்தேன். மூப்பனார் பணம் தந்திருக்கமாட்டார்.

6

நண்பரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சொன்ன விதம் நன்றாக இல்லை. நாலு நாள் அவர் என்னோடு டீக்குடிக்க வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து, ‘சரி சார், என்ன செய்யணும்?’ என்றார். நான் இசைக்காரன் இல்லை. தெரிந்த மூன்று விஷயம் சொன்னேன். ஷட்ஜத்தை மட்டும் கீழே தொடர்ந்து ஒலிக்கவிட்டு, மற்ற ஆறையும் ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்து, எது நிற்கிறது, எது நகரப் பார்க்கிறது என்று ஒரு வாரம் வெறுமே கேளுங்கள். எல்லா ஸ்வரங்களுக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்காதீர்கள். பூட்டை எடுத்துவிட்டு, வெளியிலிருந்து ஒரே ஒரு ஸ்வரத்தைக் கொண்டுவந்து, அதற்கு ஒரு காரணம் கொடுங்கள்.

போன சனிக்கிழமை மறுபடி காதில் மாட்டினார். தாளம் இன்னும் அசட்டுத்தனமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. வயலின்களை அவர் எடுக்கவில்லை, பிடித்திருக்கிறதாம். ஆனால் இரண்டாவது நிமிஷத்தில், பஞ்சமத்துக்குப் போகும் வழியில், பிரதி மத்தியமம் ஒன்று எட்டிப் பார்த்தது. அதற்குச் சற்றுத் தள்ளி எல்லா ஒலியும் அடங்க, நிஷாதம் மட்டும் தனியாக நின்றது. ஒரு எண்ணிக்கை, இரண்டு, மூன்று. ஷட்ஜம் வரவில்லை. துண்டு வேறு எங்கோ திரும்பிவிட்டது.

‘இப்ப தப்பு இருக்கா சார்?’ என்றார்.

‘இருக்கு.’

‘எங்கே?’ என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறக்குமுன் அவரே அந்த நிஷாதத்தைப் பின்னோக்கி ஓட்டி இன்னொரு முறை கேட்கத் தொடங்கினார்.